தொங்கல் வைத்த கொட்டில்

எனக்குக் கிரேக்க மொழியில் ஒரேயொரு சொல் தெரியும். அதைப் படித்தது பத்தடி உயரத்தில், இரும்புக் குழாயில் கால்களைப் பின்னிக்கொண்டு, வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்வியபடி. ‘ஸ்கேனே’ என்பது அந்தச் சொல். கூடாரம் என்று பொருள். அதற்கு வேறு பொருள்களும் உண்டு. அவை எனக்குப் பிந்தித்தான் வந்தன.

நான் பந்தல் போடுகிறவன். யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகைக் கடையில் வேலை. கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் குழாய், தகரம், மழைக்கு விரிக்கிற படங்கு, சோடனைத் துணி, கதிரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு மண்டபத்தை நிமிர்த்திவிடுவோம். இதற்கு முன் கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்கினேன், அச்சுவேலியில் வெங்காயம் கிண்டினேன், மினிபஸ்ஸில் தொங்கினேன். ஒன்றிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. பந்தலில் ஆறு வருடமாக நிற்கிறேன். தினமும் ஒரு புதிய இடத்தில் கட்டி, தினமும் அவிழ்த்துக்கொண்டு வருகிற தொழில் என் குணத்துக்குப் பொருந்திவிட்டது போலும்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கள் ஊர் வடகரையில். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது சண்டையால் ஊரோடு எழும்பினோம். பிறகு ஏழு கூடாரங்கள், ஏழு இடங்களில். அம்மா மூன்றாவதில் காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை நான் நாலாவதில் விட்டேன். ஏழாவதை விட்டு வெளியே வந்த அன்று, இனிமேல் படங்குக்குக் கீழே படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அதை இத்தனை வருடமாகக் காப்பாற்றியும் வந்தேன். ஊருக்கெல்லாம் படங்கு விரிக்கிறவன், தான் படுப்பதற்கு மட்டும் தலைக்கு மேல் ஓடோ சீமெந்தோ இருக்கிறதா என்று பார்த்து அறை எடுப்பான்.

போன மாரி தொடங்கும் நேரம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, ஆமிக்காரர் எங்கடை காணியை விட்டிட்டாங்கள்.”

“உண்மையாவோ?”

“நேற்றுப் போய்ப் பாத்திட்டு வந்தனான். வீடு இல்லை. கிணறு கிடக்கு. வேப்பமரம் ரெண்டும் நிக்குது. கேள், வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எடுக்கினமாம். ஆனால் காணியிலை கொட்டில் போட்டு ஆரும் இருக்கவேணுமாம். வாற கிழமை புதன் விதானையார் வந்து பாத்துத்தான் பேர் எழுதுவாராம்.”

“அத்தான் போகலாம்தானே?”

“அந்தாளுக்குக் கால் ஏலாதெண்டு உனக்குத் தெரியாதே? பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டையும் விட்டிட்டு நான் போய் அந்தப் பத்தைக்குள்ளை படுக்கேலுமே? நீ தனிச் சீவன். பந்தல் போடுறவன் வேறை.”

“அக்கா, வேறை எதையும் கேள். படங்குக்குக் கீழை மட்டும் என்னைப் படுக்கச் சொல்லாதை.”

அக்கா விடவில்லை: “அம்மாவின்ரை படம் இன்னும் பெட்டிக்குள்ளைதான் கிடக்கு. சுவரிலை ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் வீட்டுக்காரரைக் கேக்கவேணும். எனக்கு ஒரு சுவர் வேணும், தம்பி. என்ரை சுவர்.”

யோசிக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். யோசிக்காமல் இருப்பதற்கு வழி பார்த்தேன் என்பதுதான் சரி.

அதற்கு அடுத்த நாள்தான் குழாய்க்கு மேல் கிரேக்கம் படித்தது. கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் நவநாள் தொடங்கியிருந்தது. கோயில் முற்றத்தில் பெரிய பந்தல். குருத்துவத்துக்குப் படிக்கிற ஒரு பிறதர் அந்தப் பங்கில் ஒரு வருடம் பயிற்சிக்கு வந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்தவர். கையில் ஒரு கொப்பியோடு பந்தலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணை, ஒரு விசயம் கேக்கட்டோ? கூடாரத்திலை இருந்திருக்கிறியளோ?”

வாயிலிருந்த ஆணிகளை எடுத்தேன். “ஓம் பிறதர். ஏழு.”

“ஏழு நாளோ?”

“ஏழு கூடாரம்.”

கொப்பியைத் திறந்துகொண்டார். ஞாயிறு மாலை மறையுரை அவருடையதாம். இத்தனை பேருக்கு முன்னால் முதல் தடவை. ‘வார்த்தையானவர் மனிதராகி நம்மிடையே குடியிருந்தார்’ என்ற வசனத்தை எடுத்திருந்தார். குடியிருந்தார் என்று தமிழில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், மூலத்தில் இருப்பது கூடாரம் அடித்தார் என்றார். ஸ்கேனே என்றால் முதலில் வெறும் துணியும் தடியும்தான். ஆடு மேய்க்கிறவனின் கூடாரம். பிறகு பாலைவனத்தில் கடவுளுக்கு அடித்த கூடாரம். பிறகு நம்முடைய உடம்பு. கடைசியில் கடவுள் மனிதரோடு வந்து தங்குகிற இடம். ஒரு சொல் இப்படியே ஏறி ஏறிப் போகிறது என்று கையால் படி காட்டினார்.

“எனக்கு மேல்படியெல்லாம் தெரியும், அண்ணை. கீழ்ப்படிதான் தெரியாது. நான் ஒருநாளும் கூடாரத்திலை படுத்ததில்லை.”

கீழே குழாயைத் தாங்கிக்கொண்டு நின்றவர் என் கூட்டாளி. குருநகர்க்காரர், ஐம்பது தாண்டியவர். தோள்மூட்டு விலகும்வரை கடலுக்குப் போனவர். கடலைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் யார் கதைத்தாலும் தன்னைக் கேட்டுத்தான் கதைக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

“எங்கடை ஆளையும் சொல்லுங்கோ பிறதர்,” என்றார். “மலைக்கு மேலை வைச்சு, மூண்டு கொட்டில் போடட்டோ எண்டு கேட்டாரே, அந்த மீன்பிடிகாரச் சீடர்.”

“ஓம், அதுவும் இதே சொல்தான். ஆனால் அவர் தான் என்ன கதைக்கிறார் எண்டு தெரியாமல் கதைச்சவர் எண்டுதான் எழுதியிருக்கு.”

“எழுதினவருக்குத்தான் தெரியாது. தொழிலுக்குப் போறவன் ஒரு நல்ல கரையைக் கண்டால் முதல் என்ன செய்வான்? வாடிக் கொட்டில் போடுவான். இஞ்சை நல்லாயிருக்கு, கொஞ்ச நாள் நிப்பம் எண்டு அர்த்தம். உதிலை என்ன விளங்காமல் கிடக்கு?”

பிறதர் சிரித்துக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, பாலைவனக் கூடாரத்துக்கு எத்தனை திரை, எத்தனை கொளுக்கி, எத்தனை முளை என்றெல்லாம் வேதத்தில் அளவோடு எழுதியிருக்கிறது என்று சொன்னபோது எனக்கும் சுவாரசியம் பிடித்தது. முதலாளியின் சாமான் கொப்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. கடவுளின் பந்தலுக்கும் கொளுக்கி எண்ண ஒருவன் இருந்திருக்கிறான்.

“சரி, இனி நீங்கள் சொல்லுங்கோ,” என்றார் பிறதர். “கூடாரம் எப்படி இருக்கும்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பகலில் அவியும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. நடுவில் தண்ணீர் தேங்கி மாட்டு வயிறு மாதிரித் தொங்கும், தடியால் மெல்ல உந்தி வெளியே ஊற்றவேண்டும். உந்துகிறபோது யார் தலையில் ஊற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். “ஒண்டு கவனம் பிறதர். துணிப் படங்கெண்டால், மழை பெய்யேக்கை உள்ளுக்கை இருந்து விரலாலை தொடக்கூடாது. தொட்ட இடத்திலை ஒழுகத் தொடங்கும். பிறகு நிக்காது.”

“உண்மையாவோ? ஏன்?”

“ஏனெண்டு தெரியாது. எங்கடை அம்மா சின்னப் பிள்ளையளின்ரை கையைத் துணியாலை கட்டி வைப்பா.”

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கொப்பியில் வேகமாக எழுதிக்கொண்டார்.

ஞாயிறு மாலை கதிரை அடுக்க நாங்களும் நின்றோம். முற்றம் நிறையச் சனம். பிறதர் முதலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு நன்றாகவே கதைத்தார். நான் சைவக்காரன் என்றாலும் கூடாரம் என்ற சொல் வருகிற இடமெல்லாம் காதைக் கொடுத்தேன். பாதியில் என் படங்கு வந்தது. வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் தாங்குகிற கூடாரம், உள்ளேயிருந்து ஒரு விரல் தொட்டால் ஒழுகிவிடுகிறது. மனித மனமும் அப்படித்தான் என்றார். சனம் தலையாட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

“உன்ரை ஒழுக்கு பிரசங்கத்திலை ஏறிப்போட்டுது,” என்று கூட்டாளி என் விலாவில் இடித்தார்.

எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் கூடாரம் மனமும் இல்லை, உடம்பும் இல்லை. அது கூடாரம். அதில் ஒழுகியது தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் அம்மாவின் பாய் நனைந்தது. மேல்படிக்கு ஏறுகிறவர்கள் கீழ்ப்படியைக் காலால் மிதித்துத்தானே ஏறவேண்டும் என்று ஒரு எரிச்சல். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது வேறு ஒன்று உறுத்தியது. அந்தப் பெடியன் ஒருநாளும் கூடாரத்தில் படுக்காமல் கூடாரத்தைப் பற்றிக் கதைத்தான். நான் ஏழில் படுத்துவிட்டு, அக்காவுக்கு ஒன்று போட்டுக் கொடுக்கமாட்டேன் என்கிறேன்.

படுக்கத் தேவையில்லை, போட்டுக் கொடுத்தால் போதும் என்று எனக்கு நானே ஒரு இடைவழி கண்டுபிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் முதலாளியிடம் சாமான் இரவல் வாங்கி, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நானும் கூட்டாளியும் காணிக்குப் போனோம். பத்தை வெட்டினோம். அலவாங்கு போட்டுக் குழி தோண்டி நாலு குழாய் நட்டோம். எனக்கு ஒரு குழாய் அரை அங்குலம் சரிந்து நின்றாலும் கண் உறுத்தும். நூல் பிடித்து நிமிர்த்தினேன். மேலே தகரம். கிடைத்த மறைப்பு கலியாணவீட்டுக்கு எடுக்கிற வெள்ளைச் சோடனைத் துணிதான். அதை மூன்று பக்கமும் சுருக்கு வைத்து இழுத்துக் கட்டினேன். முன்பக்கம் மொட்டையாக இருந்ததால் மஞ்சள் துணித் தொங்கலும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது நல்ல வடிவாகத்தான் இருந்தது.

“ஒரு வாழைமரம் கட்டினால் பொம்பிளை மாப்பிளையை இருத்தலாம்,” என்றார் கூட்டாளி. பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து என் அறைக்குப் போய் சீமெந்துக்குக் கீழே படுத்தேன்.

புதன் காலை நானும் அக்காவும் வாசலில் நின்றோம். ஊரின் கிராம அலுவலரான விதானையார் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன, வீட்டிலை விசேசமோ?”

“இல்லை சேர்,” என்றார் அக்கா. “இதுதான் எங்கடை கொட்டில்.”

“இதுவோ?” இறங்கி வந்தார். தொங்கலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். குழாயில் கடையின் பெயர் வெள்ளைப் பூச்சில் எழுதியிருந்தது. அதை வாய்விட்டு வாசித்தார். “ஆர் இருக்கிறது?”

“நான், சேர்,” என்றேன்.

“சமையல் எங்கை?”

“இனித்தான்...”

“மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும்?”

இந்தக் கேள்வியில்தான் நான் முழுதாக விழுந்தேன். தொழில்காரனின் வாய் முந்திக்கொண்டது. “நான் போட்ட பந்தல் ஒருநாளும் ஒழுகாது, சேர்.”

“உது சரி. ஒழுகாத கொட்டிலை நான் இன்னும் பாக்கேல்லை.” பேர் எழுதுகிற கோவையை மூடினார். “உமக்கு எதிரா நான் ஒண்டும் சொல்லேல்லை. நல்ல வேலைதான். ஆனால் இதுக்குள்ளை ஆரும் இருக்கினம் எண்டு நான் எழுதேலாது. மற்ற ஒழுங்கையளும் பாக்கக் கிடக்கு. அடுத்த புதன் வருவன். அதுதான் கடைசி. அண்டைக்கும் உது பந்தலாத்தான் நிண்டால், அடுத்த பேரைத்தான் எழுதவேணும்.”

மோட்டார்சைக்கிள் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

“உனக்கு விசரே? தொங்கல் வைச்சிருக்கிறாய்!”

“வடிவா இருக்கட்டும் எண்டுதான்...”

“பக்கத்துக் காணிக்காரன் நாலு தடியிலை சாக்கைக் கட்டிப்போட்டு இருக்கிறான். அவன்ரை பேர் எழுதியாச்சு. நீ மண்டபம் கட்டி வைச்சிருக்கிறாய்.” சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல். “தம்பி, போட்டுக் காட்டுறதுக்கில்லை. இருக்கிறதுக்கு.”

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் அவிழ்த்தேன். கூட்டாளி வந்து குழாய்களை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கடையின் பின்பக்கத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய துணிப் படங்கைக் கொண்டுவந்தார். பூவரசந்தடி வெட்டி நட்டு, பக்கத்தில் பனையோலை கட்டி, மேலே படங்கைப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. நிமிர்த்தக் கை துடித்தது, விட்டுவிட்டேன். மூன்று கல் வைத்து அடுப்பு. இரண்டு வேப்பமரத்துக்கும் நடுவில் கொடி கட்டி நான் உடுக்கிற சாரத்தைக் காயப்போட்டேன். படங்கின் மணம் மாறவேயில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே ஈர மணம். முதல் இரண்டு நாள் நித்திரை வரவில்லை. மூன்றாம் நாள் மழை பெய்தது, எழும்பித் தடியால் படங்கின் வயிற்றை உந்தி ஊற்றினேன், பிறகு படுத்து விடியும்வரை தூங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பகலில் பஸ்ஸில் வேலைக்குப் போனேன், பின்னேரம் திரும்பி வந்து சோறு வைத்தேன். ஒரு நாய் வந்து சேர்ந்தது.

அடுத்த புதன் காலை பஸ்ஸால் இறங்கி வந்தவர் விதானையார் இல்லை. பிறதர். கூட்டாளி எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறார்.

“பாக்க வந்தனான், அண்ணை. பிரசங்கம் முடிஞ்சு போட்டுது. ஆனாலும் பாக்கவேணும் போலை கிடந்தது.”

“பாருங்கோ. பாய் அங்கை. அந்த மூலையிலை மட்டும் இருக்கவேண்டாம்.”

விதானையார் வருகிற நாள் என்று வந்திருந்த அக்கா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். பிறதர் குனிந்து உள்ளே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாயில் இருந்தார். மத்தியானம் தாண்டி வானம் இருண்டது. மழை சடசடவென்று இறங்கியபோது ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம். விதானையார் கோவையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்தார். யாரையும் கேட்கவில்லை. நேரே கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்து பாயில் இருந்துவிட்டார். நாலு பேருக்கு அந்த இடம் காணாது. நாயும் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கோவையைத் திறந்தார். அடுப்புக் கரியைப் பார்த்தார், கொடியிலிருந்து எடுத்து உள்ளே எறிந்திருந்த சாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் ஒழுகும்?”

“அந்த மூலை, சேர். சட்டி வைச்சிருக்கிறன். தலைமாட்டிலை ஒரு சின்ன ஒழுக்கு, காத்து கிழக்காலை அடிச்சால் மட்டும். வாசல் பக்கம் ரெண்டு. அதிலை ஒண்டு நேற்றுத் துடக்கம்.”

ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். சொன்ன இடத்தில் எல்லாம் சொட்டியது. எழுதத் தொடங்கினார்.

திடீரென்று கோவைக்கு மேல் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. விதானையார் அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப உது? உதைப் பற்றிச் சொல்லேல்லையே?”

நானும் அண்ணாந்து பார்த்தேன். அது பழைய ஒழுக்கு இல்லை. அதற்கு நேர் கீழே பிறதர், ஒரு விரலை இன்னும் மடக்காமல், களவு எடுத்துப் பிடிபட்டவர் மாதிரி இருந்தார்.

“உது பிறதர் இப்பதான் போட்டது, சேர்,” என்றேன்.

“உண்மையாத்தான் ஒழுகுது, அண்ணை,” என்றார் பிறதர். நான் சொன்னபோதும் எழுதினார், கோயிலிலும் சொன்னார். இப்போதுதான் நம்பினார்.

விதானையார் சிரித்துவிட்டார். கோவையை மற்றத் தொடைக்கு மாற்றிக்கொண்டு அக்காவின் பெயரை முழுதாகக் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதினார். அக்காவைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். ஈரமில்லாத இடம் தேடி அக்கா என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனை அழுத்திய அழுத்து ஒரு நாள் முழுக்க முதுகில் இருந்தது.

மழை விட்டதும் விதானையார் போனார். அக்கா கிணற்றடியில் போய்த் தனியாக நின்று முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார். பிறதர் தன் ஒழுக்குக்குக் கீழே சிரட்டை ஒன்றை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை ஒட்டேலாதோ, அண்ணை?”

“காயவிட்டு மெழுகு பூசினால் நிக்கும்.”

“மெழுகோ?”

“ஓம். கோயிலிலை குறைமெழுகுதிரி கிடக்கும்தானே?”

ஞாயிறு பூசை முடிந்து, ஒரு பை நிறைய மெழுகுதிரித் துண்டுகளோடு அவர் வந்து சேர்ந்தார். படங்கு நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு துண்டை அவர் கையில் கொடுத்து, தேய்க்கவேண்டிய இடத்தைக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் தேய்த்தார். அத்திவாரம் வெட்டுகிற வரைக்கும் காணியை விட்டுப் போகவேண்டாம் என்று அக்கா சொல்லியிருப்பதால் நான் இன்னும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறேன். மற்ற இடங்கள் எல்லாம் முன்போலத்தான் ஒழுகுகின்றன. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒழுகுவதில்லை.